ஞாயிறு முடிவதற்குள் ஆக்லாந்து

கொச்சியிலிருந்து ஆக்லாந்துக்கு எவ்வளவு தூரம் என்று இன்றைக்கு யாரும் நம் கடைக்கு வந்து கேட்கமாட்டார்கள். கைப்பேசியில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் ஏறக்குறைய பதினொன்றரை ஆயிரம் கிலோமீட்டர் என்று அதுவே சொல்லிவிடும். எத்தனை மணி நேரம் பறக்க வேண்டும், எங்கே இறங்கி மாற வேண்டும் என்பதையும் சொல்லும். அப்படியிருக்க, டிக்கெட் போடுகிற இந்த மேசையில் உட்கார்ந்து நாம் என்ன செய்யப்போகிறோம்? போன மாதம் நான் கடைக்கு வந்திருந்தபோது கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களில் ஒருவர் இதைக் கேட்டீர்கள். அன்றைக்கு ஏதோ வேடிக்கையாகச் சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, அது சிரித்துத் தள்ளுகிற கேள்வி இல்லை என்று பட்டது. அதனால்தான் உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

போடிக்கு மேலே மலையில் இருக்கிற உடும்பஞ்சோலைப் பக்கத்துக் கடைத்தெருவில் இந்த மேசைக்குப் பின்னால் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்தவள் நான். ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். எத்தனை பேரை எந்தெந்த நாட்டுக்கு அனுப்பினேன் என்று எனக்கே கணக்கில்லை. நான் விமானத்தில் ஏறியது இரண்டே முறை, இரண்டும் சென்னைக்கு. அதனால் நான் சொல்லப்போவது வானத்தைப் பற்றிய அனுபவம் இல்லை. கீழே, மேசையில், என் கையால் நடந்த ஒரு தவறைப் பற்றியது.

அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நம் கடை போட்ட டிக்கெட்டுகளில் முக்கால்வாசி வளைகுடா நாடுகளுக்குத்தான். சேர்ந்த புதிதில் ஒரு பெண் அழுதுகொண்டு ஓடிவந்தாள். அவள் கணவன் காலை பத்து மணிக்கு கொச்சியில் ஏறி ஷார்ஜாவில் பன்னிரண்டரைக்கு இறங்க வேண்டும். மணி ஒன்றரை ஆகியும் போன் வரவில்லை. "ரெண்டரை மணி நேரம்னு டிக்கெட்டுல போட்டுருக்குல்லக்கா, பிளேன் எங்க போச்சு?" என்றாள். பன்னிரண்டரை என்பது ஷார்ஜா கடிகாரத்தின் பன்னிரண்டரை, நமக்கு அப்போது இரண்டு மணி, பயணம் நான்கு மணி நேரம் என்று அவளை உட்காரவைத்து விளக்கினேன். இரண்டே காலுக்கு அவளுக்குப் போன் வந்தது. அன்றைக்கு ஊருக்கே நேரக்கணக்கு சொல்லித்தருகிறவள் மாதிரி எனக்குப் பெருமை. மேற்கே போகிறவனுக்குக் கடிகாரம் சலுகை கொடுக்கும். ஏறிய தேதியிலேயே பெரும்பாலும் இறங்கிவிடுவான். அந்தச் சலுகையிலேயே இருபத்தைந்து வருடம் என் மனக்கணக்கு ஓடிப் பழகிவிட்டது. பழக்கம் கண்ணை மறைக்கும் என்பது அப்போது தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சாந்தன்பாறைக்குப் பக்கத்து எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை செய்கிற சவரிமுத்து என்பவரோடு எனக்கு முகப்பழக்கம் உண்டு. அதிகம் பேசாத மனிதர். அவருடைய மூத்த மகள் ரோஸ்லின் நர்ஸிங் படித்து, கோட்டயத்தில் நான்கு வருடம் வேலை பார்த்து, பரீட்சை மேல் பரீட்சை எழுதி, நியூசிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை வாங்கியிருந்தாள். அந்த லயத்திலிருந்து அவ்வளவு தூரம் போகிற முதல் பிள்ளை. விசாவில் ஒரு நிபந்தனை இருந்தது. குறிப்பிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த நாட்டுக்குள் முதல் முறை கால் வைத்துவிட வேண்டும். அது தாண்டினால் விசா செல்லாது. மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை அந்த இல்லம் இடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்காது.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கு வியாழக்கிழமைக்கு ஒழுங்காகத்தான் டிக்கெட் போட்டிருந்தேன். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அவள் அம்மாவுக்கு அவசரமாகக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆயிற்று. ரோஸ்லின் போன் செய்தாள்.

"அக்கா, அம்மாவ வியாழக்கிழமைதான் டிஸ்சார்ஜ் பண்றாங்க. வீட்டுல கொண்டாந்து விட்டு, ரெண்டு நாள் கூட இருந்துட்டுப் போறேனே. சனிக்கிழமைக்கு மாத்த முடியுமா? தேதிக்குள்ள போயிருவேன்ல?"

"மொத்தம் இருபது மணி நேரந்தாம்மா. சனிக்கிழமை ராத்திரி பதினொன்னுக்கு ஏறுனா ஞாயித்துக்கிழமை போயிருவ" என்று நான் சொன்னேன்.

இருபது மணி நேரம் என்பது சரி. பறப்பது பதினாலரை மணி நேரம், சிங்கப்பூரில் காத்திருப்பது ஐந்தரை மணி நேரம். சனி இரவு பதினொன்றோடு இருபதைக் கூட்டினால் ஞாயிறு மாலை ஏழு. என் கணக்கில் பிழையே இல்லை. டிக்கெட்டை மாற்றினேன். மாற்றிய டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் தேதி தெளிவாக அச்சாகியிருந்தது. நான் அதைப் பார்த்தேன், படிக்கவில்லை. பார்ப்பதற்கும் படிப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதை இந்த வேலையில் யாராவது அளந்து சொன்னால் நன்றாயிருக்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் அப்பாவும் மகளும் டிக்கெட் காகிதத்தை வாங்க வந்தார்கள். நான்கு நாளாக மழை விடவில்லை. இருவரும் குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். எந்த வாசலில் நுழைவது, பெட்டி எத்தனை கிலோ என்று வழக்கமாகச் சொல்வதையெல்லாம் ரோஸ்லினுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சவரிமுத்து எழுந்திருக்கிற நேரத்தில் கேட்டார்.

"யம்மா, ஒன்னு கேக்கட்டா? இவ அங்க போய் எறங்குறப்ப ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சிருக்குமா, இல்ல சாயங்காலப் பூசையாவது கெடைக்குமா?"

"அப்பா, அதெல்லாம் போய் அக்காகிட்ட கேட்டுக்கிட்டு" என்று ரோஸ்லின் அவர் கையைத் தட்டினாள்.

"இல்லம்மா, கேக்கட்டும்" என்றேன். அவருக்காகத்தான் காகிதத்தை என் பக்கம் திருப்பி, இறங்கும் நேரத்தை வாய்விட்டுப் படித்தேன். அதிகாலை ஒன்று முப்பது. தேதியைப் படித்தேன். திங்கட்கிழமைத் தேதி.

நம் கடிகாரத்தில் ஞாயிறு மாலை ஏழு மணி. அங்கே கடிகாரம் ஆறரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஞாயிறு முடிந்து ஒன்றரை மணி நேரம் ஆன பிறகுதான் அவள் போய் இறங்குவாள். கிழக்கு சலுகை கொடுக்காது, நாளைப் பிடுங்கிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். அந்த வாரம் அது என் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்தது அந்தப் பெண்ணின் எதிர்காலம் இல்லை. ஒரு பொய்தான் வந்தது. "விமான நேரத்தை மாத்திட்டாங்கம்மா, இப்பத்தான் பாக்குறேன்" என்று சொன்னால் போதும். அவர்கள் நம்புவார்கள். வாக்கியம் வாய்வரை வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் இருந்ததற்கு என் நேர்மை காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் சவரிமுத்து இன்னும் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதுதான் காரணம். பூசை கிடைக்குமா என்று கேட்ட மனிதருக்கு அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

"உக்காருங்க. ரோஸ்லின், நீயும் உக்காரும்மா. நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.

காகிதத்தை ரோஸ்லினிடம் காட்டி நடந்ததைச் சொன்னேன். "அக்கா, தேதிக்குள்ள போயிருவேனான்னு கேட்டேனே" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சவரிமுத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்.

"இப்ப மணி பன்னெண்டேகால். ஞாயித்துக்கெழம அங்க முடியுறதுக்கு நம்ம மணிக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

"ஞாயிறு சாயங்காலம் அஞ்சரை வரைக்கும்."

"ரெண்டு நாளைக்கு மேல இருக்குல்ல. பாருங்க."

அவ்வளவுதான் சொன்னார். நெருக்கடி நேரத்தில் எதிரே இருப்பவர் நம்மைத் திட்டாமல் "பாருங்க" என்று சொல்வது எவ்வளவு பெரிய உதவி என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நடந்த தவறிலிருந்து என் மனதை எடுத்து, செய்ய வேண்டிய வேலையில் அவர்தான் வைத்தார்.

விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண்ணின் பெயர் கடைசிவரை எனக்குத் தெரியாது. அவளிடமும் சுற்றி வளைக்கவில்லை. தவறு என்னுடையது, விசா ஞாயிறோடு முடிகிறது என்று நேராகவே சொன்னேன். அன்றைக்கு இரவே கொச்சியில் ஏறுகிற அதே வழியில் முதல் விமானத்தில் இடம் இருக்கிறது, சிங்கப்பூரிலிருந்து போகிற இரண்டாவது விமானத்தில் காத்திருப்புப் பட்டியல்தான் என்றாள்.

"சாதாரணமா கிளியர் ஆயிடும் மேடம்."

"சாதாரணமாவா, கண்டிப்பாவா?"

"கண்டிப்பான்னு நான் சொல்ல முடியாது மேடம்." பிறகு அவளாகவே கேட்டாள். "கொச்சியிலேருந்துதான் போகணுமா? மதுரை உங்களுக்குத் தூரமா?"

இருபத்தைந்து வருடமாக இந்த மலையில் வேலை பார்த்தவள் நான். மதுரையை நான் யோசிக்கவில்லை. முகம் தெரியாத அந்தப் பெண் யோசித்தாள். மதுரையில் சனிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு ஏறி, கொழும்பில் மாறி, சிங்கப்பூரில் மாறி, ஞாயிறு மதியம் ஒன்றரைக்கு ஆக்லாந்து. மூன்று விமானத்திலும் உறுதியான இடம். ஆனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். எங்காவது ஒன்று தாமதமானால் அடுத்தது போய்விடும். ஒன்று தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு கம்பெனிக்கே இருக்கும்படி, ஒரே டிக்கெட்டாகத் தர முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றாள்.

ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "அக்கா, இன்னைக்கே கொச்சி போயிரலாம். சீக்கிரம் போய்ச் சேந்துரலாம்ல? ரெண்டாவதுல இடம் கெடைச்சுரும்னு அவங்களே சொல்றாங்க."

வெளியிலிருந்து பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. பன்னிரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரலாம். ஒரே ஒரு மாற்றம். நான் சவரிமுத்துவைப் பார்த்தேன். "கொச்சி ரோடு எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"நாலு நாள் மழைம்மா. மண்ணு ஊறிக் கெடக்கு. போனாலும் போயிரலாம், நின்னாலும் நின்னுரலாம். போடிப் பக்கம் எறங்கிட்டா அங்க மழை கம்மி" என்றார்.

இரண்டு 'போனாலும் போகலாம்' ஒன்றாகச் சேர்ந்தால் அதன் பெயர் நம்பிக்கை இல்லை. பாதையும் நிச்சயமில்லை, இரண்டாவது விமானமும் நிச்சயமில்லை. சிங்கப்பூர் வரை போய் அங்கே இடம் இல்லாமல் நின்றால் அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்? மதுரைக்கே போடுங்கள் என்று போனில் சொன்னேன். டிக்கெட் வித்தியாசத்தைக் கடைக் கணக்கில் எழுதினேன். அதைப் பற்றி வேறு பேச்சு இல்லை. காகிதத்தை அச்செடுத்து மூன்று பேரும் சேர்ந்து ஒவ்வொரு ஊரின் தேதியையும் கிழமையையும் வாய்விட்டுப் படித்தோம். கடைசி வரிக்கு வந்து "ஞாயித்துக்கெழம" என்று படித்தவர் சவரிமுத்து.

"நாளைக்குக் காலைல நானும் உங்க கூட வர்றேன்" என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வாடகை ஜீப்பில் அவர்கள் லயத்துக்குப் போனேன். ரோஸ்லினின் அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அன்று மதியம்தான் மகள் கிளம்புவாள் என்று நினைத்திருந்தவர். என்னால் அவருக்கு அரைப் பகல் குறைந்துபோயிற்று. அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். "போற பிள்ள ஒழுங்காப் போய்ச் சேரட்டும்மா" என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசல்வரை வந்தார். மகள் தடுத்தும் கேட்கவில்லை.

பூப்பாறை தாண்டி போடிமெட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கத் தொடங்கியதும் மழை விட்டுவிட்டது. மனதுக்குள் லேசாக ஒரு நிம்மதி வந்தது. நாலைந்து வளைவு இறங்கியிருப்போம், ஜீப் நின்றது. கொண்டை ஊசி வளைவில் சிமென்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றுகொண்டிருந்தது. பைக் மட்டும் ஓரமாக நுழைந்து போகலாம். லாரிக்கு அந்தப் பக்கம், தினமும் காலையில் போடிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டத்து வேலைக்கு ஆள் ஏற்றிவருகிற ஜீப்புகள் வரிசையாக நின்றன. தலையில் துண்டைக் கட்டிய பெண்கள் தூக்குவாளியோடு இறங்கி ரோட்டில் நின்றுகொண்டிருந்தார்கள்.

மணி ஆறே முக்கால். கிரேன் வர இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும் என்று லாரி டிரைவர் சொன்னார். மதுரைக்கு இன்னும் இரண்டரை மணி நேரப் பயணம் இருந்தது. பத்தரைக்குக் கவுன்டர் மூடிவிடும். மேலே திரும்பி வேறு வழியில் போவதற்கு நேரம் இல்லை. கொச்சி வழியை வேண்டாம் என்று சொன்னது நான். ரோஸ்லின் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெட்டியை அப்பாவிடம் விடச் சொல்லி, அவளையும் கூட்டிக்கொண்டு நான் லாரியின் ஓரமாக நுழைந்து அந்தப் பக்கம் போனேன். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. முதலில் கண்ணில் பட்ட பெண்ணிடம் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும்.

"அக்கா, இந்தப் பிள்ள பத்தரைக்குள்ள மதுரை ஏர்போட்டுக்குப் போயாகணும். இன்னைக்கு விட்டா வேலை போயிரும். ஏதாவது ஒரு வண்டி திரும்புமா?"

அவர் என்னைத் தாண்டி ரோஸ்லினைப் பார்த்தார். "எந்த ஊருக்குத் தாயி?"

"நியூசிலாந்துக்குக்கா" என்றாள் ரோஸ்லின்.

"அது சவுதிக்கு அங்கிட்டா?"

"இல்லக்கா, நேர் எதுத்தாப்புல. கெழக்க."

"உங்க வண்டி மேல நிக்குதா?"

"நிக்குது."

அவர் திரும்பி, வரிசையில் நின்ற டிரைவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏப்பா, கடைசியா நிக்கிறது யாரு வண்டி? அதத் திருப்பச் சொல்லு. அந்த வண்டி ஆளுக நடந்து வந்து இவுக ஜீப்புல ஏறி மேல வேலைக்குப் போகட்டும். இவுக அந்த வண்டில எறங்கட்டும்."

இவ்வளவு எளிமையான விஷயம் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஜீப் அவர்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும். அவர்கள் ஜீப் எங்களை ஏற்றிக்கொண்டு கீழே போகும். யாருக்கும் அன்றைய வேலை கெடாது. ஒரு டிரைவர் ஏதோ முனகினார். "நம்ம பிள்ளையா இருந்தா முனகுவியா?" என்று வேறொரு பெண் கேட்டதும் அடங்கிவிட்டார். ரோஸ்லினின் இரண்டு பெட்டிகளும் எங்கள் கைக்கு வரவே இல்லை. லாரியைத் தாண்டி, நின்ற ஜீப்புகளைத் தாண்டி, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறி, கடைசி வண்டிக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த ரோட்டில் ஜீப்பைத் திருப்புவது சாதாரண வேலை இல்லை. பின்சக்கரத்துக்குக் கல் வைத்து வைத்துத் திருப்பினார்கள். ஏறிய பிறகு அந்த அக்காவைத் தேடினேன். அவர் அதற்குள் தன் ஆட்களோடு மேலே ஏறிக்கொண்டிருந்தார். பெயர் கேட்கவில்லை. இன்றுவரை அது எனக்குக் குறைதான்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மதுரை விமான நிலையத்தில் இறங்கினோம். உள்ளே எனக்கும் சவரிமுத்துவுக்கும் அனுமதி இல்லை. அவர் மகளின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்தார். "எறங்குன ஒடனே போன் பண்ணு" என்று மட்டும் சொன்னார். அவள் உள்ளே போன பத்தாவது நிமிடம் எனக்குப் போன் வந்தது.

"அக்கா, கவுன்டர்ல விசாவப் பாத்துட்டு நாளைக்குத்தான கடைசித் தேதி, எப்பிடிப் போவீங்கன்னு கேக்குறாங்க."

"போன அவருகிட்ட குடும்மா."

எடுத்தவர் இளவயது ஆள், குரலிலேயே தெரிந்தது. நான் ஒவ்வொரு ஊராகச் சொன்னேன். அவர் தனக்குள் எண்ணிப் பார்ப்பது கேட்டது. "ஞாயிறு பகல் ஒன்றரை. நள்ளிரவுக்குப் பத்தரை மணி நேரம் இருக்கு. சரிங்க மேடம்" என்றார். பெட்டியை ஆக்லாந்து வரை போகும்படி ஒட்டினார். முன்வரிசையில் இடம் மாற்றித் தந்தார். "கொழும்புல எறங்கி நேரா அடுத்த கேட்டுக்குப் போங்க, கடையெல்லாம் பாக்காதீங்க" என்று அவளிடம் சொன்னாராம். அவர் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லாத வேலைகள் இவை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவள் இறங்க வேண்டும். எனக்கு ஆறு மணியிலிருந்தே அடுப்படியில் கை ஓடவில்லை. ஏழரை ஆயிற்று. எட்டு ஆயிற்று. எட்டேகாலுக்குக் கைப்பேசியில் அவள் குரல்பதிவு வந்தது. வரிசை நீளமாக இருந்ததாம். "அக்கா, உள்ள விட்டுட்டாங்க. இங்க ஒரே குளிர். அப்பாகிட்டப் பேசிட்டேன்." அந்தப் பதினைந்து வினாடிப் பதிவை எத்தனை தடவை கேட்டேன் என்று என் வீட்டுக்காரர் இன்றும் கேலி செய்வார்.

இதில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த வாரம் விசாரித்துப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை கொச்சி ரோட்டில் ஒரு மரம்கூட விழவில்லை. இரண்டாவது விமானத்தின் காத்திருப்புப் பட்டியலும் மாலையே சரியாகியிருந்தது. நான் வேண்டாம் என்ற வழியில் போயிருந்தால் அவள் அலுங்காமல் போய்ச் சேர்ந்திருப்பாள். லாரிக்கு முன்னால் நின்று நான் பட்ட பாட்டுக்கு அவசியமே இருந்திருக்காது. ஆனாலும் அதே நிலைமை இன்றைக்கு வந்தால் நான் மதுரையைத்தான் சொல்வேன். கையில் அப்போது என்ன தெரியுமோ அதை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். முடிவு நல்லபடி முடிந்ததால் நாம் கெட்டிக்காரர்கள் என்றும், கெட்டபடி முடிந்ததால் முட்டாள்கள் என்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். என்னுடைய உண்மையான தவறு அந்த வெள்ளிக்கிழமை நடந்தது இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்னால், போனில், காகிதத்தைப் பார்க்காமல் பெருமையோடு பதில் சொன்ன அந்த அரை நிமிடத்தில் நடந்தது.

அதற்குப் பிறகு எந்த டிக்கெட்டைக் கொடுத்தாலும் மணிக்கணக்கைச் சொல்வதோடு நிறுத்தியதில்லை. "இந்தக் கிழமை ஏறுறீங்க, அந்த ஊர்ல இந்தக் கிழமை எறங்குறீங்க" என்று சொல்லி, அவர்களையும் ஒருமுறை சொல்லச் சொல்வேன். சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்கிற கேள்வி எவ்வளவு அசட்டுத்தனமாகத் தோன்றினாலும் முழுதாகப் பதில் சொல்லுங்கள். அவர் கேட்பது தூரத்தையோ நேரத்தையோ மட்டும் இல்லை. தன் பிள்ளை போய் நிற்கப்போகிற அந்த நாளை மனதில் பார்க்க முயல்கிறார். கைப்பேசி அந்தக் கேள்வியைக் காதில் வாங்காது. நீங்கள் வாங்கலாம். நமக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டீர்களே, என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

திங்கட்கிழமை முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். கோபப்பட்டார், அது நியாயம்தான். அந்த ஊரில் விஷயம் பரவும், சவரிமுத்துவின் லயத்திலிருந்து இனி ஒருவரும் நம் கடைப்பக்கம் வரமாட்டார்கள் என்று நாங்கள் இருவருமே நினைத்தோம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் சவரிமுத்து வந்தார். கூடவே அவருடைய லயத்துக்காரர் ஒருவரும் அவர் மகனும். மகனுக்குக் கனடாவில் படிக்க இடம் கிடைத்திருந்தது. நான் எழுந்து நின்றேன். அந்த லயத்துக்காரர் தயக்கத்தோடு கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எனக்குக் கேட்காது என்று நினைத்து மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, ரோஸ்லினுக்குத் தேதி மாறிப்போச்சுன்னு சொன்னது இந்தக் கடைதான?"

"இந்தக் கடைதான்" என்றார் சவரிமுத்து. நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டார். "தப்பு எல்லாக் கடையிலயும் வரும்டா. இங்க தப்பு வந்தா சொல்லிருவாங்க. உக்காரு."